சர்க்கார் துறைமுகமும் நகரத்தின் சம்மதமும்

கேள்வி: பஃபலோ சாலையில் மளிகைக் கடை நடத்துகிறேன். 2024ஆம் ஆண்டின் நடுவில் சரக்குப் பெட்டிகள் வந்துசேரத் தாமதமானபோது, துறைமுகத்தைச் சர்க்கார் தன் கையில் வைத்திருப்பது நல்லதா, தனியாரிடம் விட்டுவிடுவது நல்லதா என்று கடையில் பெரிய விவாதமே நடந்தது. அயல்நாடுகளில் நகரசபைகளும் மாநில சர்க்கார்களும் இந்த விஷயத்தில் தங்கள் அபிப்பிராயத்தை உரக்கச் சொல்கின்றனவாம். அவற்றின் சாரம் என்ன? நகரசபையே இல்லாத நம் ஊரில் அப்படிப் பேச வேண்டியவர் யார்?
— ஒரு வாசகர், தேக்கா

பதில்: தாங்கள் கேட்டிருப்பதற்குள் மூன்று அதிகாரங்கள் பின்னிக் கிடக்கின்றன: துறைமுகம் நிற்கும் நிலமும் நீரும் யாருடையவை, கப்பல்கள் வந்துபோவதற்கு விதி வகுப்பவர் யார், பாரந்தூக்கியை இயக்கிப் பெட்டியை இறக்கிக் கூலி பெறுபவர் யார் என்பன. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் சர்க்கார் வேண்டும் என்றும் தனியார் வேண்டும் என்றும் பலர் வழக்காடுகிறார்கள். ஸ்தல ஸ்தாபனங்களோ, நான் கவனித்த மட்டில், மூன்றாவதை யார் செய்தாலும் ஒருவாறு சகித்துக்கொள்கின்றன. முதலாவதில் கை வைத்தால் பொறுப்பதில்லை.

உதாரணமாக, 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரிட்டனின் புராதனமான பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியை விலைக்கு வாங்க நம்முடைய சிங்கப்பூர் சர்க்காரின் துறைமுகக் கம்பெனியான பிஎஸ்ஏவும் துபாய் சர்க்காருக்குச் சொந்தமான டிபி வேர்ல்டும் போட்டியிட்டு, டிபி வேர்ல்ட் ஏறத்தாழ 390 கோடி பவுன் வரை ஏறிய பிறகு பிஎஸ்ஏ விலகிக்கொண்டது. அந்தக் கம்பெனியின் கையில் நியூயார்க், நியூஜெர்சி, பால்டிமோர், மயாமி முதலிய அமெரிக்கத் துறைமுகங்களின் முனையங்களும் இருந்தமையால், அயல்நாட்டு சர்க்காரின் கை நம் கரைக்கு வரலாமா என்று அங்கே பெருங்கிளர்ச்சி எழுந்தது. வாஷிங்டன் அதற்கு அனுமதி அளித்திருந்தும் நியூஜெர்சி மாநிலம் வழக்குத் தொடுத்தது. நியூயார்க் நியூஜெர்சித் துறைமுக ஆணையமும் நீதிமன்றம் சென்றது. தேசப் பாதுகாப்பைப் பற்றிப் பத்திரிகைகள் முழங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஆணையம் வைத்த வாதம் மிக எளியது: முனையத்தின் நிலம் என்னுடையது, நீ குத்தகைதாரன், என் சம்மதமின்றிக் குத்தகையைக் கைமாற்ற உனக்கு அதிகாரமில்லை. கடைசியில் அந்த அமெரிக்க முனையங்களை டிபி வேர்ல்ட் ஒரு அமெரிக்க ஸ்தாபனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. ஏலத்தில் பிஎஸ்ஏ வென்றிருந்தால் இதே கேள்வியை நாமும் எதிர்கொள்ள நேர்ந்திருக்கும் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஹாம்பர்க் நகரமோ இதற்கு நேர்மாறானது. அங்கே முனையக் கம்பெனியில் பெரும்பங்கு நகரத்துக்கே உரியது. சீன சர்க்காரின் காஸ்கோ நிறுவனம் அதன் டோலர்ஓர்ட் முனையத்தில் 35 சதவீதப் பங்கு கேட்டபோது நகரம் வரவேற்றது. ஜெர்மன் மத்திய மந்திரிசபையில் பலர் எதிர்த்தனர். 2023இல் அது 24.99 சதவீதத்தோடு முடிந்தது. கப்பல் வந்தால் வேலை வரும் என்று எண்ணுவது நகரம். வெகுதூரத்து அரசியலையும் சேர்த்து எண்ணுவது தேசம். இரண்டு குரல்களும் தனித்தனியே கேட்டதனாலேயே பேரம் இந்த அளவில் நின்றது என்பது என் துணிபு.

தாங்கள் தூத்துக்குடிச் சரக்கையும் விற்பவராயிருக்கக்கூடுமாதலால் அந்தத் துறைமுகத்தையும் சொல்ல வேண்டும். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வ.உ.சிதம்பரனாரின் பெயரை இன்று தாங்கிநிற்கும் அத்துறைமுகத்தில், 7ஆவது கப்பல் தளத்தைப் பிஎஸ்ஏ ஸிக்கால் என்ற கூட்டுக் கம்பெனி 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து 1999 முதல் கொள்கலன் முனையமாக நடத்தலாயிற்று. பெட்டிக்கு இவ்வளவு என்று துறைமுகத்துக்குக் கட்ட ஒப்புக்கொண்ட ராயல்டி பெருஞ்சுமையாகி, வருவாயில் பங்கு தரும் முறைக்கு ஒப்பந்தத்தை மாற்ற வேண்டுமென்று கம்பெனி கேட்டு, நடுவர் மன்றத்தில் வென்றும், 2021இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. சிங்கப்பூர் சர்க்காரின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக் பின்னால் நின்றாலும் பிற மண்ணில் பிஎஸ்ஏ ஒரு குத்தகைதாரர்தான். எழுதிய ஒப்பந்தமே அங்கே அரசன். ஆனால் அந்த ஒப்பந்தம் மத்திய சர்க்காரின் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கும் கம்பெனிக்கும் இடையிலானது. தூத்துக்குடி ஊராருக்கு அதில் கையெழுத்தில்லை. லாரிகளின் புழுதியையும் நெரிசலையும் அன்றாடம் அனுபவிப்பவர்கள் அவர்கள் என்பதால் இதை ஒரு குறையாகவே கருதுகிறேன்.

இனி நம் ஊர். இத்துறைமுகம் ஆதியிலிருந்தே சர்க்காருடையதன்று. 1864இல் தோன்றிய தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனியில், இற்றுப்போன மரமேடைகளைப் புதுப்பிக்கப் பெருந்தொகை தேவைப்பட்ட காலத்தில், இங்கிருந்த நிர்வாகிகளின் திட்டத்துக்கு லண்டனிலிருந்தவர்கள் இசையாமல் இழுத்தடித்ததன் விளைவாக, 1905இல் குடியேற்ற சர்க்கார் சட்டம் இயற்றிக் கம்பெனியையே எடுத்துக்கொண்டது. நஷ்டஈடு நடுவர் தீர்ப்புப்படி ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் வெள்ளி. பின்னர் 1913இல் துறைமுக வாரியமும், 1964இல் பிஎஸ்ஏவும் வந்தன. அந்த மேடைகளில் மூட்டை சுமந்தவர்களில் தமிழர் கணிசமானவர்கள்; வாரியத்தில் இடமில்லாத அவர்களுடைய அபிப்பிராயம் வேலைநிறுத்தத்தின் வாயிலாகத்தான் நிர்வாகத்தின் காதில் விழுந்தது.

சர்க்கார் உடைமையால் விளைந்த நன்மை பெரிது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. எந்தக் கப்பல் கம்பெனியும் வருகிறேன் என்று வாக்களிக்காத நிலையில் உலக வங்கியிடம் கடன் வாங்கிக் கொள்கலன் முனையம் கட்டத் துணிந்ததும், 1972 ஜூன் 23இல் ‘நிஹோன்’ கப்பல் சுமார் 300 பெட்டிகளுடன் அங்கே அணைந்ததும், உடனடி லாபத்தைப் பார்க்கும் தனியாரால் ஆகியிராது. 2024இல் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்த கப்பல்கள் அட்டவணை பிசகி ஒன்றாய்க் கூடி, இரண்டு மூன்று நாள் காத்து நின்றபோது, கெப்பல் முனையத்தில் உபயோகத்திலிருந்து விலக்கப்பட்டிருந்த பழைய தளங்களை மறுபடி திறந்தார்கள். தங்கள் பருப்பு மூட்டைகள் இன்னும் அதிகம் தாமதியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே உடைமை சோம்பலையும் தரவல்லது. 2000இல் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி, ஜொகூரிலுள்ள தஞ்சோங் பெலப்பாஸுக்குப் போயிற்று. 2002இல் எவர்கிரீனும் பின்தொடர்ந்தது. அண்டைத் துறைமுகம் தந்த அந்த அடிதான் இங்கே கட்டணத்தையும் போக்கையும் மாற்றியது. மறு வருஷம் நூற்றுக்கணக்கான ஊழியர் வேலையிழந்ததும் அதன் விலையே. நல்லவேளையாக, விதி வகுக்கும் அதிகாரம் 1996இல் கடல்துறை, துறைமுக ஆணையத்துக்குப் பிரிந்து, பிஎஸ்ஏ 1997இல் வெறும் கம்பெனியாயிற்று. கூலி வாங்குபவரே நீதிபதியாகவும் இருக்கும் நிலை அத்தோடு ஒழிந்தது.

தங்கள் கடைசி வினாவுக்கு வருகிறேன். 1959இல் நகரசபையின் பணிகளைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டபின், நகரமும் தேசமும் இங்கே ஒன்றே. ஹாம்பர்க்கில் கேட்ட இரண்டாவது குரலுக்கு இங்கே ஆசனமில்லை. நகர மன்றங்களின் வேலை குடியிருப்புப் பேட்டைகளின் பராமரிப்போடு நிற்கிறது. ஆயினும் தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்கள் 2027க்குள் காலியாகித் துவாஸிலுள்ள புதிய துறைமுகத்துக்குப் பெயரவிருக்கின்றன. பாசிர் பாஞ்சாங்கும் 2040ஐ ஒட்டிப் பின்தொடரும். நகரத்தின் தென்கரைத் துறைமுக நிலம் முழுவதையும் ஒரே உடைமையாளர் விடுவிக்கும் இந்த வாய்ப்பு, 1905இல் போல நடுவர் முன் நிற்காமலே நமக்குக் கிட்டியிருக்கிறது. அந்த நிலத்தில் என்ன எழவேண்டும் என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையம் பெருந்திட்ட வரைவாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, எழுத்து மூலம் கருத்துச் சொல்லவும் ஆட்சேபிக்கவும் எவருக்கும் சட்டப்படி உரிமையுண்டு. துவாஸிலிருந்து தேக்காவுக்கு லாரி வரும் தூரமும் வாடகையும் இனி எவ்வளவு கூடும் என்பதைத் தங்களைப்போல் அறிந்தவர் ஆணையத்தில் இருப்பது அரிது. ஆகவே பஃபலோ சாலை வியாபாரிகள் ஒன்றுகூடி, தனித்தனிக் கடிதங்களாக அன்றி, ஒரே விண்ணப்பமாக அதைக் கணக்கோடு எழுதி அனுப்புங்கள்.