நவம்பரில் சமூய் போகலாமா?

கேள்வி: தீபாவளி முடிந்ததும் நவம்பரில் குடும்பத்தோடு தாய்லாந்தின் கோ சமூய் தீவுக்குப் போக எண்ணம். தங்கும் அறை மலிவாகக் கிடைக்கிறது. பதிவு செய்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த மலிவுக்குக் காரணமே மழைதான். நம்மூரை நனைக்கிற அதே வடகிழக்குப் பருவமழை தாய்லாந்து வளைகுடாவிலும் வெளுத்து வாங்கும்; சமூயில் அதிகமாகப் பெய்வதே நவம்பரில்தான். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். பக்கத்துக் கோ தாவ் தீவில் முங்கி மீன் பார்க்கலாம் என்று போனால் கலங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

அதே நேரத்தில் மேற்கே, அந்தமான் கடல் பக்கம் கதை தலைகீழ். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, ஃபூக்கெட், கிராபி, கோ லந்தா எல்லாம் வெளிவாங்கத் தொடங்கும். நான் கிராபிக்கே கைகாட்டுவேன். அங்கிருந்து பீ பீ தீவுகளின் மாயா விரிகுடாவுக்குப் படகு உண்டு. கூட்டம் தாங்காமல் பவளப்பாறை பாழானதால் 2018-ல் மூடி, 2022-ல் திறந்த இடம். இப்போது கால் நனைக்கலாம், நீந்த விடமாட்டார்கள். நல்ல ஏற்பாடுதான்.

எந்தத் தீவானாலும் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கையில் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்து வாரினால் பயணக் காப்பீடும் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

சமூய்தான் வேண்டுமென்றால், பிப்ரவரி, மார்ச்.