சர்வே வேலைக்குப் போகிறீர்களா? ‘திருப்தியா?’ என்று கேட்காதீர்கள்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் டேப்லெட்டும் கையுமாக வீடு வீடாகப் போகும் வேலை பட்டதாரிகளுக்குக் கிடைக்கிறது. 2018-இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழகத்திலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் இடம்பெற்றன. துறைகள் தரும் கணக்கை வீடுகளில் போய்ச் சரிபார்ப்பதும் அத்திட்டத்தில் ஒரு பகுதி.

“தாலுகா ஆபீஸ் சேவை திருப்தியா?” என்றால் “ஏதோ போகுது தம்பி” என்பார்கள். உங்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார்த்ததும், உதவித்தொகையை நிறுத்த வந்த ஆளோ என்ற பயம் வேறு. கருத்தை விடுங்கள், நடந்ததைக் கேளுங்கள். பட்டா மாறுதலுக்கு எப்போது மனு கொடுத்தீர்கள்? எத்தனை தடவை அலைந்தீர்கள்? இ-சேவை மையத்தில் ரசீதுக்கு மேல் எவ்வளவு கொடுத்தீர்கள்? மனு எண்ணோடு வந்த குறுஞ்செய்தி செல்போனில் இருந்தால் தேதியை அதைப் பார்த்தே குறியுங்கள். வாய்க்கணக்கில் ‘ஒரு மாசம்’ என்பது மூன்று மாதமாகவும் இருக்கும்.

அலுவலக வாசலில் நிற்பவர்களை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அலைந்து வெறுத்துப்போய் மனுவையே கைவிட்டவர் அங்கே வரமாட்டார். சேவையில் செய்த சீர்திருத்தம் பலித்ததா என்பது அவருக்குத்தான் தெரியும். வாக்காளர் பட்டியலில் குலுக்கிப்போட்டு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். பூட்டிய வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டில் முடிப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய திருட்டு. காலை பத்து மணிக்கு நூறு நாள் வேலைக்காரர்கள் கண்மாயில் இருப்பார்கள், இளம்பெண்கள் மில் வேனில் போயிருப்பார்கள்; வீட்டில் அப்பத்தா மட்டும்தான். சாயங்காலம் மறுபடி போங்கள். நெசவாளர் வீட்டில் தறிச் சத்தத்தோடு போட்டி போடாமல், தார் மாற்றும்வரை பொறுங்கள்.

ஒரே ஒரு சர்வே எதையும் நிரூபிக்காது. பொது விவகார மையத்தைத் தொடங்கிய சாமுவேல் பால் பெங்களூரில் 1994-இல் அரசுச் சேவைகளுக்கு மக்கள் மதிப்பெண் அட்டை வெளியிட்டார். 1999-லும் 2003-லும் திரும்ப எடுத்ததால்தான் எது மாறியது என்று பேச முடிந்தது. மானாவாரி ஊரில் இரண்டாவது சுற்றையும் அதே மாதத்தில் வையுங்கள். ஐப்பசி விதைப்பு நேரத்தில் யாருக்கும் பதில் சொல்லப் பொழுதிருக்காது.

சேரும்முன் கூலியைப் பேசிவிடுங்கள். படிவத்துக்கு இவ்வளவு என்றால் பூட்டிய வீட்டுக்கு இரண்டாம் தடவை எவரும் போகமாட்டார், நாள்கூலி கேளுங்கள். சர்வே முடிவைக் கிராம சபையில் வாசிப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.