விஞ்ஞானக் கதைகளில் துன்பமும் நம்பிக்கையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

விஞ்ஞானக் கதை என்றாலே ராக்கெட்டும் இயந்திர மனிதனும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், 'ஆண் இப்படி, பெண் இப்படி' என்று உலகம் போட்ட கோட்டுக்குள் அடங்காத இளைஞருக்கும் அதில் இடம் உண்டு. இரு கதைகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, விளைவைக் குறிக்கிறோம். நல்ல விஞ்ஞானக் கதையும் இதையே செய்கிறது. பேகம் ரொகையா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-ல் சென்னையின் 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் வெளிவந்தது. அதில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தையும் மேகத்து நீரையும் பயன்படுத்தி நாட்டை நடத்துகின்றனர். இன்னார்க்கு இன்ன இடம் என்பது இயற்கையின் விதியன்று. மனிதர் போட்ட விதியே என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969-ல் எழுதிய நாவல் 'இருளின் இடக்கை'. கெத்தன் என்னும் பனிக்கோளில் எவரும் நிரந்தரமாக ஆணோ பெண்ணோ அல்லர். மாதத்தில் சில நாட்கள் மட்டும் இரண்டில் ஒன்றாவர். அங்கே விசித்திரப் பிறவியாகக் கருதப்படுபவர், பூமியிலிருந்து சென்ற தூதரே! அவருக்குத் துணை நின்று பனிப்பாழைக் கடந்த எஸ்ட்ராவென், எல்லைக் காவலரால் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஆயினும் அவர் விரும்பிய நல்லுறவு ஏற்படுகிறது. துன்பத்தை மறைக்காமல் சொல்வதால்தான் அந்த நம்பிக்கையை நம்மால் நம்ப முடிகிறது.

இக்கதையைப் படித்தபோது எனக்கு என் பள்ளி நினைவு வந்தது. எங்களுடன் படித்த ஒருவரை, அவர் நடையைச் சொல்லிச் சிரித்தோம். நானும் சிரித்தவன்தான். அவர் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் தாய் தைத்துச் சம்பாதித்த கூலியில்தான் எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக நான் கல்லூரி வாயிலை மிதித்தேன். படிப்பு நின்றுபோவதன் வலியை அறிந்த வீட்டில் பிறந்தவன், ஒருவருடைய படிப்பு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. அதே ஆண்டு, அப்போது நம் வேலூர் மாவட்டத்தில் இருந்த அரக்கோணத்தில், கிரேஸ் பானு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். தமிழகத்தில் அவ்வாறு சேர்ந்த முதல் திருநங்கை அவரே. பள்ளியில் ஒதுக்கப்பட்டுப் போராடி வந்தவர் அவர். நேற்றுக் கற்பனையாக இருந்தது இன்று உண்மையாயிற்று. ஆனால் அது எளிதில் ஆகவில்லை.

மாணவத் தோழர்களே! பாலாற்றங்கரையில் நடக்கும் அத்தகைய விஞ்ஞானக் கதையை நம்மில் ஒருவர் தமிழில் எழுதட்டும். அதற்கு முன், நம் வகுப்பறையில் எழும் அந்தச் சிரிப்பை நிறுத்துவோம். மாற்ற வேண்டிய முதல் நிபந்தனை அதுவே.