பழைய விண்டோஸுக்குப் புதிய முகம்

கணிப்பொறியின் அடிப்படை இயக்கத்தொகுதி வேறு. திரையில் நாம் காணும் முகப்பு வேறு. விண்டோஸைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றே எனப் பலரும் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டில் விண்டோஸ் 95 உள்ள பழைய கணிப்பொறி ஒன்று உண்டு. தந்தையாரின் கடைக் கணக்குகள் யாவும் அதில்தான் இருந்தன. அவற்றுக்கு ஊறு நேருமோ என்றஞ்சி, விண்டோஸை மாற்றாமல் முகப்பை மட்டும் புதுப்பிக்க முற்பட்டேன்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 95-ஐ வெளியிட்டது 1995 ஆகஸ்டில். 4 எம்.பி. நினைவகமே அதற்குப் போதும் என்றனர். (அவ்வளவில் அது இயங்கியது என்பதைவிட நகர்ந்தது எனல் பொருந்தும்.) 1997-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 என்னும் உலாவியுடன் 'விண்டோஸ் டெஸ்க்டாப் அப்டேட்' என்ற பகுதியும் கிடைத்தது. அதை நிறுவினால் ஸ்டார்ட் பொத்தானை அடுத்துக் குவிக் லாஞ்ச் என்னும் சிறு பட்டை தோன்றும். கோப்புகளை ஒரே சொடுக்கில் திறக்கலாம். இணையப் பக்கத்தையே திரையின் பின்னணியாக விரிக்கலாம். 1998-இல் வந்த விண்டோஸ் 98-இன் தோற்றம் ஏறத்தாழ இதுவே.

நான் இடறியது உலாவியின் பதிப்பில். 4-ஐ விட 5 புதியதாயிற்றே, அதை நேரே நிறுவினால் முகப்பும் உடன் வரும் எனக் கருதினேன். உலாவி வந்தது, முகப்பு மாறவில்லை! முகப்பைத் தாங்குவது ஷெல்32.டி.எல்.எல். என்னும் கோப்பு. விண்டோஸ் 95-இல் அதன் பதிப்பு 4.00. டெஸ்க்டாப் அப்டேட் அதனிடத்தில் 4.71 அல்லது 4.72-ஐ வைக்கிறது. ஐந்தாம் பதிப்பு உலாவியிலோ அப்பகுதி சேர்க்கப்படவே இல்லை. வாசற்கால் நிறுத்துமுன் கதவைச் சுமந்து வந்தவன் கதையாயிற்று என் கதை. 5-ஐ நீக்கி, 4.01-ஐ அப்பகுதியுடன் நிறுவி, அதன்மேல் மீண்டும் 5-ஐ ஏற்றினேன். முகப்பு மாறிற்று, கணக்குகளும் பழுதின்றி இருந்தன.

எனினும் அடித்தளம் பழையதே. எங்களிடம் இருந்தது விண்டோஸ் 95-இன் முதல் வெளியீடு. வட்டின் ஒரு பிரிவு 2 ஜி.பி.க்கு மேற்படலாகாது என்ற எல்லை அதில் அப்படியே நின்றது. பென்டிரைவையும் அது அறியவில்லை, யு.எஸ்.பி.க்கான ஏற்பாடு அவ்வெளியீட்டில் இல்லை. 2001 டிசம்பர் 31-உடன் விண்டோஸ் 95-க்கான ஆதரவும் முடிந்துவிட்டமையால், அதை நான் இணையத்தில் இணைப்பதில்லை. கணக்குகளுக்குப் பிரதி எடுக்க 1.44 எம்.பி. பிளாப்பிகளையே தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று; பதினொன்று செலவாயின.