மேலதிகாரியின் மனோதிடம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு ஸ்தாபனத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் எத்தகைய நஷ்டம் நேர்ந்தாலும் முகம் கோணாமலும், குரல் தழுதழுக்காமலும், உள்ளே கொதிப்பது வெளியே தெரியாதபடியும் இருந்துவிட்டால், அவரே திடசித்தம் உடையவர் என்று கொண்டாடுவது நம்மிடையே வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். பார்வைக்குக் கண்ணியமாகத் தோன்றும் இந்த அபிப்பிராயம் உண்மைக்கு வெகுதூரத்தில் நிற்கிறது. காரியாலயங்களில் அது விளைவிக்கும் தீங்கும் அற்பமானதன்று.

உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் விழுங்கிவிட்டால் அதனால் பிறருக்குப் பாதகமில்லை என்பது முதல் நம்பிக்கை. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எமிலி பட்லர் என்னும் மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதைப் பொய்யாக்குகிறது. ஒருவரையொருவர் முன்பின் அறியாத பெண்களை இருவர் இருவராக அமர்த்தி, மனத்தைக் கலங்கச் செய்யும் ஒரு படத்தைக் காட்டி, அதைப்பற்றி அவர்களைப் பேசச் செய்தார்கள். சில ஜோடிகளில் ஒருவருக்கு மட்டும், மற்றவருக்குத் தெரியாமல், உணர்ச்சி எதையும் வெளிக்காட்டலாகாது என்று சொல்லிவைத்திருந்தார்கள். விவரம் ஏதும் அறியாமல் அவரோடு பேசிக்கொண்டிருந்தவருடைய இரத்த அழுத்தமே அதிகமாக உயர்ந்தது. இருவருக்குமிடையே ஒட்டுதலும் குறைந்தது.

பரிசோதனைச் சாலைக்கு வெளியேயும் இதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். மாதக் கடைசியில், கணக்கு முடிக்கும் நாளில், கோப்புடன் மேலாளர் அறைக்குள் நுழைகிற குமாஸ்தா, அவருடைய உதடுகள் இறுகியிருப்பதையும், பேனாவின் மூடியை அவர் கழற்றிக் கழற்றி மாட்டுவதையும் பார்த்துவிட்டு, சொல்ல வந்த பிழையைச் சொல்லாமலே கோப்பை மட்டும் மேஜைமீது வைத்துவிட்டுத் திரும்புகிறார். அறையில் ஒரு கடுஞ்சொல்கூடப் பேசப்படவில்லை. ஆயினும் அந்தப் பிழை தணிக்கைக்காரர் கையில் அகப்படும்வரை மறைந்தே கிடக்கும். “இன்று தலைமை அலுவலகத்திலிருந்து கடுமையான கடிதம் வந்திருக்கிறது, மனம் சரியில்லை, உங்கள்மேல் வருத்தமில்லை, சொல்லுங்கள்” என்று அந்த மேலாளர் மனம்விட்டுச் சொல்லியிருந்தால் அவருடைய அதிகாரத்தில் அணுவளவும் குறைந்திராது.

அப்படியானால் கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிடுவதே நலம் என்று சிலர் எதிர்த்துருவத்துக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் பிழையே. மனோதத்துவ அறிஞர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட பரிசோதனையில், தம்மைக் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களின் சினம் தணியவில்லை; எதுவும் செய்யாமல் சற்றுநேரம் சும்மா அமர்ந்திருந்தவர்களைக் காட்டிலும் அவர்களே அதிகக் கோபத்தோடு இருந்தார்கள்.

விழுங்குவதும் ஆகாது, கொட்டுவதும் ஆகாது என்றால் எஞ்சியிருக்கும் வழி யாது என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்க ஜனாதிபதி ஆப்ரகாம் லிங்கன் நடந்துகொண்ட விதத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது, 1863 ஜூலை முதல் மூன்று நாட்களில் கெட்டிஸ்பர்க்கில் அவருடைய தளபதி ஜெனரல் மீட் பெருவெற்றி பெற்றார். தோற்றுப் பின்வாங்கிய எதிர்த்தரப்புத் தளபதி லீயின் சைனியம், பெருக்கெடுத்த பொட்டோமாக் நதியைக் கடக்க இயலாமல் கரையில் தங்க நேர்ந்தும், மீட் முற்றாகத் தாக்கி முடிப்பதற்குள், 13ஆம் தேதி இரவு தொடங்கி ஆற்றைக் கடந்து தப்பிவிட்டது. ஜனாதிபதியின் அதிருப்தியைப் பிரதம தளபதி ஹாலெக் தந்தியில் தெரிவித்தார். மனம் புண்பட்ட மீட், தம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொண்டார். முந்திய ஆண்டில்தான் பதினொரு வயது மகன் வில்லியைப் பறிகொடுத்திருந்த லிங்கன், 14ஆம் தேதி அமர்ந்து, வெற்றிக்கு நன்றி கூறி, ஆனால் யுத்தத்தையே முடித்திருக்கக்கூடிய சந்தர்ப்பம் கைநழுவிப்போனதால் தாம் அடைந்த அளவிலா வேதனையையும் மறைக்காமல், நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். எழுதியதை உறையிலிட்டு, அனுப்பப்படவில்லை, கையொப்பமும் இடப்படவில்லை என்று உறைமேல் குறித்து வைத்துக்கொண்டார்.

லிங்கன் கோபமே கொள்ளாத மகான் என்று இதைப் படிப்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். அவருக்குக் கோபம் வந்தது, துக்கம் வந்தது, அவருடைய அதிருப்தி மீடுக்கும் தெரிந்தே இருந்தது. தம் வேதனைக்குத் தம்மிடமே எழுத்தில் இடம் கொடுத்துவிட்டு, தப்பிய சைனியத்தைத் திருப்பிக் கொண்டுவர உதவாமல் தளபதியின் நெஞ்சை மட்டும் புண்படுத்தக்கூடிய வாசகங்களை நிறுத்திவைத்ததில்தான் அவருடைய மனோதிடம் இருந்தது. மீட் 1865இல் யுத்தம் முடியும்வரை தம் சைனியத்தின் தளபதியாகவே நீடித்தார்.

இத்தகைய திடம் பிறவிக்குணம் என்பாரும் உளர். ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த மனோதத்துவ அறிஞர் எம்மி வெர்னர், வறுமையும் குடும்பக் கலகமும் சூழ வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் செவ்வையாக வாழ்ந்ததைக் கண்டார். சுபாவத்துக்கும் அதில் பங்கு இருந்தது. ஆயினும் அன்புடன் ஆதரித்த ஒரு பெரியவரேனும் அவர்களுக்கு வாய்த்திருந்தது முக்கிய காரணமாக இருந்தது. தலைமைப் பதவியில் இருப்பவருக்கும் தம் குழப்பத்தைக் கூச்சமின்றிச் சொல்லிக்கொள்ள ஒரு சகாவோ முன்னாள் மேலதிகாரியோ வேண்டும்.

கடைசியாக, வேலையால் நேரும் சோர்வு தனிமனிதரின் பலவீனம் என்னும் நம்பிக்கை. எல்லாவற்றிலும் கொடியது இதுவே என்பேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல், இந்தச் சோர்வை ஒரு வியாதி என்று வகைப்படுத்தாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. மூவர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் தலையில் சுமத்திவிட்டு, அவருக்கு மனோதிடப் பயிற்சி வகுப்பு நடத்துவது நியாயமாகாது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: பயிற்சிக்கு ஆள் அனுப்பும் உத்தரவில் கையெழுத்திடுமுன், அந்தப் பிரிவில் நிரப்பப்படாமல் கிடக்கும் இடங்களை நிரப்பும் உத்தரவில் கையெழுத்திடுங்கள்.