பார்ட் நம்பரை எங்கே வெட்டுவது?

கேள்வி: சார், ஓசூர் சிப்காட்டில் டூவீலர் உதிரிபாகம் செய்யும் யூனிட்டில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். பொம்மசந்திரா, பீன்யாவிலிருந்து வரும் பெட்டிகளின் லேபிளில் டேட்டா மேட்ரிக்ஸ் இருக்கும். ஸ்கேன் செய்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக விழுகிறது. 'பி'க்கும் 'கியூ'வுக்கும் நடுவில் இருப்பதைப் பார்ட் நம்பர் என்று பைத்தானில் எடுக்கிறேன். சில வெண்டர்களுக்குச் சரியாக வருகிறது, சிலருக்குப் பாதியில் அறுந்துவிடுகிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷனை எப்படி எழுதுவது?
– ஸ்டோர்ஸ் உதவியாளர், ஓசூர்

பதில்: ரெகுலர் எக்ஸ்பிரஷனைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். 'பி'யும் 'கியூ'வும் பிரிப்புக் குறிகளே அல்ல. அடுத்து வருவது என்ன தகவல் என்று சொல்லும் முன்னெழுத்துகள் அவை. 'பி' என்றால் வாங்குபவர் தந்த பார்ட் நம்பர், '1பி' என்றால் விற்பவருடையது, 'கியூ' என்றால் எண்ணிக்கை. பார்ட் நம்பருக்குள்ளேயே ஒரு 'கியூ' இருந்தால் உங்கள் நிரல் அங்கேயே வெட்டிவிடும்.

உண்மையான பிரிப்புக் குறி கண்ணுக்குத் தெரியாது. ஐஎஸ்ஓ/ஐஇசி 15434 தரப்படி அச்சிட்ட லேபிளின் உள்ளே இப்படி இருக்கும்:

[)>‹30›06‹29›பி45கியூ17‹29›கியூ500‹30›‹4›

கோணக்குறிக்குள் இருப்பவை ஆஸ்கி எண்கள். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் 29 நிற்கிறது. (கர்நாடகத்தின் ஜிஎஸ்டி எண் தொடங்குவதும் 29-இல்தான், அத்திப்பள்ளி தாண்டி வரும் பில்லைப் பார்க்கிறவருக்கு மறக்காது.)

அந்த 29 எங்கே போனது? பெரும்பாலும் ஸ்கேனர், கீபோர்டு போல நடிக்கும் அமைப்பில் இருக்கும். 29-க்கு நேரான விசை கன்ட்ரோலும் ] குறியும் சேர்ந்தது. எக்செலோ பிரவுசரோ அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது. ஸ்கேனர் கையேட்டில் உள்ள அமைப்பு பார்கோடைப் படித்து, யூஎஸ்பி சீரியல் முறைக்கு மாற்றுங்கள். பிறகு வந்த வரியை ரெப்ர் வழியாக அச்சிட்டுப் பாருங்கள். \எக்ஸ்1டி தெரிந்தால் 29 வந்துவிட்டது.

மீதி சுலபம். முதலில் சிஎச்ஆர்(30) கொடுத்து ஸ்ப்ளிட் செய்யுங்கள். கிடைக்கும் இரண்டாம் துண்டைச் சிஎச்ஆர்(29)-இல் பிரியுங்கள். 'பி'யில் தொடங்கும் துண்டின் முதல் எழுத்தை நீக்கினால் பார்ட் நம்பர். ஸ்ப்ளிட்டை வெறும் அடைப்புக்குறியோடு விடாதீர்கள். பைத்தான் 28 முதல் 31 வரையுள்ள குறிகளையும் வெற்றிடமாகவே கருதும். சாதாரண இடைவெளியிலும் சேர்த்து உடைத்துவிடும்.

பில் விவரத்தில் சதுர அடைப்புக்குள் வரும் எண்ணை எடுக்கத்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொருத்தம். \[(.*)\] என்று எழுதினால் முதல் அடைப்பிலிருந்து கடைசி அடைப்பு வரை விழுங்கிவிடும். \[([^\]]*)\] என்று எழுதுங்கள். ஃபைண்ட் கொண்டு தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குறி இல்லையென்றால் அது -1 தரும், பிழை காட்டாது. மூடும் அடைப்பு விடுபட்ட வரியில், அந்த -1-ஐ முடிவாக வைத்து வெட்டினால் நிரல் கடைசி எழுத்தை மட்டும் உதிர்த்துவிட்டு மீதியைப் பார்ட் நம்பர் என்று கொடுத்துவிடும். ஸ்டாக்கில் தவறு இப்படித்தான் சத்தமில்லாமல் ஏறும்.

29 தொலைந்த பழைய வரிகளை எந்த நிரலாலும் உறுதியாகப் பிரிக்க முடியாது. பார்ட் மாஸ்டரோடு ஒப்பிடலாம், அதுவும் ஊகம்தான். [)> என்று தொடங்காத வரியையும் 29 இல்லாத வரியையும் தனிக் கோப்பில் ஒதுக்கி, அந்தப் பெட்டியை ஆளே பார்த்துப் பதியட்டும். ஸ்கேனரைத் திருத்திய பிறகும் 29 வராவிட்டால், வெண்டரிடம் லேபிளை மாற்றச் சொல்லுங்கள்.