மேசைமேல் உலை வைக்குமுன்

மாதிரி ரயிலுக்கு எஃகாலை கட்டக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு:

1. கடைக்கு ஓடாதீர்கள். எது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். தாது, கல்கரி, சுண்ணாம்புக்கல் உள்ளே. உருகிய இரும்பும் கசடும் வெளியே. தாதை இரும்பாக உருக்கும் ஊதுலையில் ரயிலின் வேலை பெரும்பாலும் இதுதான்.

2. முழு ஆலைக்கு ஆசைப்பட வேண்டாம். 87-ல் ஒரு பங்கான எச்.ஓ. அளவில்கூட அது வீட்டுக்குள் அடங்காது. பிட்ஸ்பர்க் பக்கம் ரான்கினில் இன்னும் நிற்கும் கேரி உலைகளைப் பாருங்கள். அங்கே எஃகு செய்யவில்லை. உருகிய இரும்பு மொனாங்கஹேலா ஆற்றுப் பாலம் வழியாக எதிர்க்கரையில் இருந்த ஹோம்ஸ்டெட் ஆலைக்குப் போனது. உங்கள் மேசை விளிம்பையே ஆற்றங்கரை ஆக்குங்கள். பாலம் ஏறிய டார்பீடோ வண்டி, அதாவது உருகிய இரும்பைச் சுமக்கும் வண்டி, திரைக்குப் பின்னால் மறையட்டும், கொஞ்ச நேரம் கழித்துக் காலியாகத் திரும்பட்டும். பாதி ஆலை கட்டும் செலவு மிச்சம்.

3. நீள அகலத்தைச் சுருக்கலாம், உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. கேரி உலையின் உயரம் 92 அடி, எச்.ஓ.வில் சுமார் 32 செ.மீ. காற்றைச் சூடேற்றும் அடுப்புகளையும் குறைக்காதீர்கள். ஒன்று உலைக்குச் சூடான காற்றை அனுப்பும்போது மற்றவை உலை வாயுவில் காய்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஓர் உலைக்கு மூன்று நான்கு. ஒற்றை அடுப்போடு நிற்கும் உலையை விஷயம் தெரிந்தவர் பார்த்தால் சிரிப்பார்.

4. தாது வண்டிகள் உயரமான தடத்தில் நின்று கீழே உள்ள தொட்டிகளில் கொட்டும். புதியவர்கள் திணறுவது இங்கேதான். 10 செ.மீ. ஏற, நூற்றுக்கு இரண்டரை என்ற சரிவில்கூட 4 மீட்டர் தடம் வேண்டும். என் வழி வேறு: தாதுத் தடத்தை மேசை மட்டத்திலேயே விட்டுவிட்டு, உலை நிற்கும் தரையை இறக்கிவிடுங்கள். இரும்பு வண்டிகளின் தடம் தாழ்வாகத் தனியே ஓடட்டும்.

5. டார்பீடோ வண்டி நீளமானது. எவ்வளவு குறுகிய வளைவில் திரும்பும் என்று பார்த்து வாங்குங்கள்.

6. கேரி 1982-ல் மூடப்பட்டது. இன்றைய படங்களில் தெரிவது அணைந்த உலையின் துரு. எரியும் உலை வேண்டுமென்றால் அன்றைய படங்களைத் தேடிப் பாருங்கள். துருவைக் குறைத்து, தாதுத்தூளின் செம்பழுப்பைக் கூட்டுங்கள். இரும்பு இறங்கும் வாயில் ஆரஞ்சு எல்.இ.டி. ஒன்று போதும். ஊரெல்லாம் விளக்கு வைத்தால் திருவிழாவாகிவிடும்.

7. தாது ஏறி, இரும்பு இறங்கி, வண்டிகள் தடம்புரளாமல் ஓடட்டும். எஃகை உருட்டித் தகடாக்கும் உருட்டாலையைப் பற்றி அப்புறம் கேளுங்கள், சொல்கிறேன்.